கடைசிப் பந்தி

ஜூன் 2, திங்கள்

இந்த டைரி மண்டபத்துக்கு மளிகை போடுகிற கடையில் ஜனவரியில் கொடுத்தது. ஜூனில் திறக்கிறேன். திறக்க வைத்தவர் சர்க்கரை டாக்டர். ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டார். கல்யாண மண்டபத்தில் மேனேஜர் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்து, தினமும் வாயில் போடுவதை ஒன்று விடாமல் எழுதிக்கொண்டு வரச் சொன்னார்.

நான் பத்தாம் வகுப்பில் இங்கிலீஷைத் தவிர எல்லாவற்றிலும் தேறியவன். எழுத வரும்.

காலை: இட்லி மூன்று. மதியம்: சோறு ஒரு கரண்டி, அவியல். இரவு: கோதுமை தோசை இரண்டு.

(இட்லி ஐந்து. டாக்டரிடம் காட்டும்போது இந்த வரியை அடித்துவிட வேண்டும்.)

ஜூன் 6, வெள்ளி

முகூர்த்தம். காலை: பொங்கல், வடை ஒன்று. மதியம்: சொல்வதற்கில்லை.

இப்போதெல்லாம் தாலி கட்டுவதை விட அதற்கு அப்புறம் நடக்கிற படப்பிடிப்புதான் பெரிய சடங்கு. வீடியோ எடுக்கிற தம்பி, மாப்பிள்ளையிடம் பெண்ணின் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுக்கச் சொன்னான். பெண் முறைக்க வேண்டும், அப்புறம் வெட்கப்பட வேண்டும். நாலு தடவை இழுத்தார்கள். பெண்ணுக்கு முறைப்பு நன்றாக வந்தது; வெட்கம் நாலாவது தடவைதான் வந்தது. பார்த்தவர்கள் கை தட்டினார்கள். நானும்தான் தட்டினேன். இதே மேடையில் ஆவணி 13 அன்று என் மகள் முப்பிடாதி நிற்கப்போகிறாள். மேனேஜர் வீட்டுக் கல்யாணம். நாற்காலி துடைப்பதிலிருந்து மாப்பிள்ளை அழைப்பு வரை நானே பார்க்க வேண்டும்.

மாப்பிள்ளை கண்ணபிரான். ராஜபாளையத்தில் டைல்ஸ் கடை. ஆள் நல்ல உயரம். ஒரு நாளைக்கு இருபது தடவை மகளுக்குப் போன் போடுகிறார். ஐந்து நிமிஷம் எடுக்காவிட்டால் எனக்குப் போடுகிறார். எங்கள் காலத்தில் நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் இடையில் ஒரு கடிதாசி வந்தால் ஊரே படிக்கும்.

கடைசிப் பந்தியில் ஓர் இலை வீணாகிவிட்டது. யாருக்கு மேனேஜர் இந்த இலை என்று பரிமாறுகிறவர்கள் கேட்டார்கள். என் தப்புதான். பழக்க தோஷம்.

ஜூன் 9, திங்கள்

ரசத்தை முகர்ந்து பார்க்க அண்டாவுக்கு மேல் குனிந்தேன். சட்டைப் பையில் இருந்த கைபேசி உள்ளே குதித்துவிட்டது. சமையல் மாஸ்டர் பேச்சிமுத்து கண்ணகப்பையால் அள்ளி எடுத்துக் கையில் கொடுத்து, "மேனேஜர், ஒமக்கு மல்லித்தழை தூவவா?" என்று கேட்டார். அத்தனை ரசமும் கீழே போயிற்று.

வீட்டில் என் மனைவி கோமதியின் கைபேசி பீரோவில் இருந்தது. அவள் போய் இரண்டு வருஷம் மூன்று மாதம். முப்பிடாதி மாதத்துக்கு ஒரு தடவை அதற்குச் சார்ஜ் போட்டு வைப்பாள். எதற்கென்று நான் கேட்டதில்லை. எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டதும் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். "எடுத்துக்கோங்க. அதுல இருக்கது எதையும் அழிச்சிராதீங்க" என்றாள்.

எனக்குச் சேர்க்கவே தெரியாது, எங்கே அழிக்க?

மதியம்: மோர்ச்சோறு. (துக்கத்தில் ஒரு ஜிலேபி.)

ஜூன் 17, செவ்வாய்

ஒரு பெரிய கண்டுபிடிப்பு. யாரிடமும் சொல்ல முடியாததால் இங்கே எழுதுகிறேன். டாக்டர் மன்னிக்க.

கோமதியின் கைபேசியில் கதை படிக்கிற ஆப் ஒன்று இருக்கிறது. தொட்டேன், திறந்தது. 'உன் கோபம் என் குளிர்காலம்' என்று ஒரு தொடர்கதை. எழுதுவது நிலாமுகி. பதினோராயிரம் பேர் படிக்கிறார்கள். கதாநாயகன் ருத்ரன், ஆறடி, இரண்டு விமானம் வைத்திருக்கிறான். கதாநாயகி ஆராதனா. இருவருக்கும் ஏதோ ஒரு கல்யாண வீட்டின் அடுக்களையில் முதல் சந்திப்பு. அங்கே ஒரு பித்தளைக் குழாய். எல்லாக் குழாயையும் போல வலது பக்கம் திருப்பினால் இறுகிக்கொள்ளும், இடது பக்கம் திருப்பினாலும் வராது, தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திருப்ப வேண்டும் என்று எழுதியிருந்தது.

அந்தக் குழாய் உலகத்தில் ஒன்றுதான் இருக்கிறது. நம் மண்டபத்துப் பின்கட்டில். பிளம்பர் மூன்று பேர் தோற்றுப்போன குழாய்.

நிலாமுகி என்பவள் என் மகள் முப்பிடாதி.

கம்ப்யூட்டர் சென்டரில் விண்ணப்பம் அடித்துக்கொடுக்கிற பெண், மாடியில் உட்கார்ந்து இப்படி ஒரு ராஜாங்கம் நடத்துகிறாள். பதினோராயிரம் பேருக்குச் சொல்கிறவள் என்னிடம் சொல்லவில்லை. சாப்பாடு போடும்போது, "இன்னைக்கு உப்பு சரியாப்பா?" என்பாள். சரி என்பேன். எங்கள் பேச்சு அவ்வளவுதான். கோமதி இருந்தவரை அவள்தான் இடையில் நின்று இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கம் கொண்டுபோவாள்.

ஜூன் 18, புதன்

முப்பத்திரண்டு அத்தியாயமும் படித்துவிட்டேன். ஆராதனாவின் அப்பா கோட்டு போட்ட கோடீஸ்வரர். என்னைக் கோட்டு போட்டு உட்கார வைத்திருக்கிறாள் பிள்ளை. கழுத்தை இறுக்கினாலும் நன்றாகத்தான் இருக்கிறது.

அடியில் கருத்து எழுத இடம் இருந்தது. 'கதை அருமை. குழாய் வர்ணனை பிரமாதம்' என்று எழுதினேன். அனுப்பியதும் என் கருத்துக்கு மேல் 'கடைசிப் பந்தி' என்று ஒரு பெயர் தானாக வந்து நின்றது. அசந்துபோனேன். நாம் மண்டபத்தில் வேலை பார்ப்பது கைபேசிக்கு எப்படித் தெரிந்தது? அது எல்லாவற்றையும் ஒட்டுக்கேட்கிறது என்று பேச்சிமுத்து சொன்னது சரிதான். நமக்கு நல்ல வேஷமாயிற்று. யாருக்கும் தெரியாது.

ராத்திரி முப்பிடாதி சோறு போடும்போது எதற்கோ சிரித்தாள். என்னவென்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் அந்தச் சிரிப்பு.

ஜூலை 3, வியாழன்

கண்ணபிரான் வேலைக்குப் போக வேண்டாம் என்றாராம். இன்றோடு கம்ப்யூட்டர் சென்டருக்கு முழுக்கு. கல்யாணத்துக்கு அப்புறம் நின்றால் போதாதா என்று கேட்டேன். "அங்க பசங்கல்லாம் வருவாங்கள்லா. அவருக்குப் பிடிக்கல" என்றாள். அக்கறை உள்ள பிள்ளை என்று சொன்னேன். அவள் தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

இரவு: சப்பாத்தி இரண்டு.

ஜூலை 11, வெள்ளி

கதையில் இன்று ருத்ரன் ஆராதனாவின் கைபேசியைப் பிடுங்கிச் சுவரில் எறிந்தான். 'நீ எனக்கு மட்டும்தான்' என்கிறான். ஆராதனாவுக்கு அழுகையும் வருகிறது, உள்ளே என்னவோ பூக்கவும் செய்கிறது. நாலாயிரம் பேர் சிவப்பு இதயம் போட்டிருக்கிறார்கள். 'இப்படி ஒருத்தன் கிடைக்கணும்' என்று எத்தனை பெண்கள்! நானும் எழுதினேன்: 'கல்லுக்குள் ஈரம். ருத்ரன் தம்பிக்குப் பிடித்திருக்கிறது என்பதால்தானே இவ்வளவு கோபம்.'

சினிமாவில் நாங்கள் பார்க்காததா? கதாநாயகன் ஒரு அறை விட்டால்தான் கதாநாயகிக்குக் காதலே வரும். அந்த இடத்தில் விசில் அடித்தவர்களில் நான் முதல் வரிசை.

முப்பிடாதியின் கைபேசி உடைந்துவிட்டதாம். கண்ணபிரான் புதிதாக வாங்கிக் கொடுத்திருக்கிறார். தாராளமான கை.

ஜூலை 20, ஞாயிறு

ஆடி பிறந்துவிட்டது. கல்யாணம் கிடையாது. மண்டபத்தில் நானும் ஆயிரம் நாற்காலியும். மதியம் மூன்று மணிக்கு மேடையில் காற்றாடிக்குக் கீழே படுத்துக்கொண்டு மகள் கதையை இரண்டாம் தடவை படிக்கிறேன். காலி மண்டபத்தில் தாலி கட்டும் மேளம் காதுக்குள் கேட்கும். வேலையில் சேர்ந்த வருஷம் கோமதியிடம் சொன்னபோது, அது பசி மயக்கம் என்று சொல்லி இரண்டு முறுக்கு கொடுத்தாள்.

சாப்பிடும்போது முப்பிடாதி கேட்டாள். "ஏம்ப்பா, ஒருத்தர் ரொம்பக் கோவப்படுதாருன்னா, அது பாசத்துலதான் இருக்குமா?"

கேள்வி கதைக்கு என்று எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "பாசம் இல்லாத எடத்துல கோவம் எப்படிட்டி வரும்?" என்றேன். எழுத்தாளருக்கு உதவி செய்த பெருமையில் இன்னும் ஒரு கரண்டி சோறு வாங்கிக்கொண்டேன்.

"அம்மா மேல நீங்க கோவப்பட்டதே இல்லையே" என்றாள்.

அது சரிதான். யோசித்துப் பார்த்தால், கோமதியிடம் ஆசையாகவும் நான் ஒரு வார்த்தை பேசினதில்லை. இருபத்தாறு வருஷம். அதை அவளிடம் சொல்லவில்லை. உப்பு சரியாக இருக்கிறது என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஆடித்தபசு. சங்கரன்கோவில் முழுக்கத் தலை. சுற்றுப்பட்டு ஊர் அத்தனையும் தெருவில் நிற்கிறது. கோமதி அம்மன் தபசு மண்டபத்தில் காத்திருக்கிறாள், சுவாமி சாயந்தரம்தான் காட்சி கொடுப்பார். எங்கள் ஊரில் கோமதி என்ற பெயர் வீட்டுக்கு ஒன்று. காத்திருக்கிற பொம்பளைக்குத் திருவிழா எடுக்கிற ஊர் இது.

கண்ணபிரான் வந்திருந்தார். முப்பிடாதியை அழைத்துக்கொண்டு காட்சி பார்க்கப் போனார். நான் நம் மண்டபத்து வாசலில் நீர்மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஆறு மணிக்கு அவள் மட்டும் வந்தாள். அவருக்குக் கடையில் வேலையாம்.

மோர்: கணக்கில்லை. மோரில் சர்க்கரை கிடையாது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

முப்பிடாதி வலது மணிக்கட்டில் துணி சுற்றியிருக்கிறாள். பீரோக் கதவு இடித்துவிட்டதாம். நிச்சயத்துக்குப் போட்ட பச்சைக் கண்ணாடி வளையலையும் காணோம். அதுவும் அதில்தான் உடைந்ததாம். புதுக் கைபேசி மேஜையில் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

களிம்பு வாங்கிக் கொடுத்தேன். பீரோவைச் சோதித்தேன். கீல் கொஞ்சம் இறுகித்தான் இருந்தது. தேங்காய் எண்ணெய் விட்டு நாலு தடவை திறந்து மூடிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. "இனிமே இடிக்காதுட்டி" என்றேன். சிரித்தாள்.

காலை: உப்புமா.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நாற்பத்தொன்பதாவது அத்தியாயம். திருவிழாக் கூட்டத்தில் ஆராதனா கூடப் படித்த பையன் ஒருவனிடம் இரண்டு வார்த்தை பேசிவிடுகிறாள். ருத்ரன் அவள் மணிக்கட்டைப் பிடித்து, கூட்டத்துக்குள் இழுத்துக்கொண்டே போகிறான். வளையல் நொறுங்கிக் கையில் ஏறுகிறது. அவன் விடவில்லை. வழக்கமாக இந்த இடத்தில் அவளுக்குள் ஏதாவது பூக்கும். இன்று ஒன்றும் பூக்கவில்லை. 'அவன் விட்டபிறகும் அவன் விரல்கள் இருந்தன' என்று முடித்திருக்கிறாள்.

வாசகிகள் வழக்கம்போல இதயம். 'ருத்ரன் பொறாமை அழகு.' 'சீக்கிரம் கல்யாணம் பண்ணி வைங்க ரைட்டர்.'

நானும் எழுதினேன்: 'ருத்ரன் தம்பி பாசத்தில் பிடித்துவிட்டான். வளையல் உடைந்தால் வேறு வாங்கலாம். ஆராதனா பெரிது பண்ணக்கூடாது. முகூர்த்தம் நெருங்குகிறது.'

ஆகஸ்ட் 11, திங்கள்

முப்பிடாதி நேற்று ராத்திரியும் இன்றும் சரியாகச் சாப்பிடவில்லை. கல்யாணம் நெருங்கினால் பெண்பிள்ளைகளுக்கு இப்படி இருக்கும் என்று நினைக்கிறேன். கோமதி இருந்தால் கேட்டிருப்பாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மதியம் மூன்று மணி. மண்டபத்து மேடை. ஐம்பதாவது அத்தியாயம். ஒரு இடத்தை அப்படியே எழுதி வைக்கிறேன்.

'பீரோக் கதவு இடித்துவிட்டது என்றாள் ஆராதனா. அப்பா உடனே எழுந்து பீரோவைச் சோதித்தார். கீலுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டார். நான்கு முறை திறந்து மூடிப் பார்த்தார். இனி இடிக்காது என்று அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். அப்பா சிரிக்கும்போது அவளால் சிரிக்காமல் இருக்க முடிந்ததே இல்லை.'

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கோட்டு போட்ட கோடீஸ்வரர் எதற்குக் கீலுக்கு எண்ணெய் விட வேண்டும், வீட்டில் ஆள் இல்லையா என்று.

அப்புறம் எழுந்து உட்கார்ந்தேன்.

கைபேசி உடைந்தது. வேலை நின்றது. தபசு அன்று தனியாக வந்தது. பச்சை வளையல். ஒவ்வொன்றையும் நானே இந்த டைரியில், இட்லிக்கும் உப்புமாவுக்கும் நடுவில், என் கையால் எழுதி வைத்திருக்கிறேன். பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் அடுத்த வரியிலேயே 'அக்கறை உள்ள பிள்ளை', 'தாராளமான கை'. நாற்பத்தொன்பதாவது அத்தியாயத்துக்குக் கீழே என் கருத்து இன்னும் நின்றுகொண்டிருக்கிறது. வளையல் உடைந்தால் வேறு வாங்கலாமாம்.

கருத்துப் பெட்டியில்தான் எழுதினேன். எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

'அந்த அப்பா ஒரு மடையன். எண்ணெய் விட வேண்டியது கதவுக்கு இல்லை. போன தடவை நான் எழுதியது தப்பு. ஆராதனா அதைப் படிக்காத மாதிரி நினைத்துக்கொள்ளட்டும். கல்யாணத்தை நிறுத்த எவ்வளவு நேரம் ஆகும்? மண்டபத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். ஸ்டோர் ரூமில் இருக்கிறேன். வரச் சொல்லுங்கள்.'

உடனே நாலைந்து வாசகிகள் கேட்டார்கள், எந்த ஸ்டோர் ரூம் ஆன்ட்டி, கதையில் ஸ்டோர் ரூமே வரவில்லையே என்று.

ஆகஸ்ட் 13, புதன்

அதற்கப்புறம் நடந்ததை நேற்றே எழுத முடியவில்லை.

ஸ்டோர் ரூமில் பாய்க்கட்டுகளுக்கும் அண்டாக்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். வீடு பின் தெருதான்; பத்து நிமிஷத்தில் முப்பிடாதி வந்தாள். கவிழ்த்துப் போட்ட அண்டா ஒன்றின் மேல் உட்கார்ந்தாள். சின்ன வயதில் கல்யாண நாட்களில் அதன்மேல்தான் தூங்குவாள்.

நான் எழுதியது என்று உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"மொத கமெண்ட்லயே தெரியும்ப்பா. அது அம்மா அக்கவுண்ட்லா. கடைசிப் பந்தின்னு அம்மாதான் பேரு வச்சா. நான் எழுதுனத மொத மொத படிச்சது அவதான்."

கையில் இருந்த கைபேசியைத் திருப்பிப் பார்த்தேன்.

இரண்டு வருஷம் ஒரு கருத்தும் வராமல் கிடந்த பெயர் திடீரென்று வந்து குழாய் வர்ணனை பிரமாதம் என்று சொன்னதும் ஒரு நொடி பயந்துவிட்டாளாம். அடுத்த நொடி யார் என்று புரிந்துவிட்டதாம். நேரில் சொல்ல வாய் வராததை எல்லாம் அதற்கப்புறம் கதையில் வைத்திருக்கிறாள். அப்பா படிக்கிறார், அப்பாவுக்குத் தெரிந்துவிடும் என்று. நான் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ருத்ரன் தம்பிக்கு வக்காலத்து வாங்கியிருக்கிறேன்.

"எம்மேலயும் தப்பு இருக்குப்பா. மொதல்ல எனக்கும் அது நல்லாத்தான் இருந்துச்சு. போனை ஒடச்சப்ப பயமாவும் இருந்துச்சு, பெருமையாவும் இருந்துச்சு. இப்படித்தான இருக்கும்னு நெனச்சேன். நான் படிச்சது, பாத்தது எல்லாம் அப்படித்தான இருக்கு. அத எழுதுனா நாலாயிரம் பேர் ஹார்ட்டு போடுதாங்க. அப்ப அது சரியாத்தான இருக்கணும்?"

துணியை அவிழ்த்துக் காட்டினாள். நாலு விரலும் தெளிவாக இருந்தன. நான் தொடவில்லை. தொட்டால் அழுதுவிடுவேன். முதலில் அழ வேண்டியது அவள்.

"தபசு அன்னைக்கு வலிச்சப்பதான்ப்பா தெரிஞ்சிச்சு. கதையில வலிக்கவே வலிக்காது."

துணியை மறுபடி சுற்றிக்கொண்டே கேட்டாள், "நீங்க அம்மாவ லவ் பண்ணீங்களாப்பா?"

அண்டாவைப் பார்த்தேன், பாயைப் பார்த்தேன். ஐம்பத்தைந்து வயதில் சர்க்கரை நோயாளியிடம் கேட்கிற கேள்வியா? தெரியலையே என்றேன். "மண்டபத்துல எத்தன வேல இருந்தாலும், கடைசிப் பந்தியில அவளுக்கு ஒரு எலையப் புடிச்சு வச்சிட்டு நிப்பேன். அவ வாரதுக்குள்ள யாரும் உக்காந்திரக் கூடாதுல்லா. வேற என்ன செஞ்சேன்னு ஞாபகம் இல்ல."

அப்போதுதான் முப்பிடாதி அழுதாள்.

இரவு: இருவரும் சாப்பிட்டோம். என்னவென்று நினைவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

பேச்சிமுத்துவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ராஜபாளையம் போனேன். நிச்சயப் புடவை, மோதிரம், புதுக் கைபேசி எல்லாம் ஒரு தாம்பாளத்தில். வீரனாகப் போனேன் என்று எழுத ஆசை. பஸ்ஸில் இரண்டு தடவை திரும்பிவிடலாமா என்று பேச்சிமுத்துவைக் கேட்டேன். அவர் என் முழங்காலில் கை வைத்துக்கொண்டே வந்தார்.

கண்ணபிரானின் அம்மா கத்தினார். ஊர் என்ன சொல்லும், பத்திரிகை அடித்தாயிற்று என்றார். கண்ணபிரான் கத்தவில்லை. நிஜமாகவே புரியாதவர் மாதிரி நின்றார்.

"மாமா, பாசத்துலதான் மாமா கையப் புடிச்சேன். பாசம் இல்லாட்டா கோவம் வருமா?"

என் வசனம். என் வாயால், என் மகளிடம், சோற்றுத் தட்டுக்கு முன்னால் நான் சொன்னது. கேட்க எவ்வளவு கேவலமாக இருந்தது.

"நானும் அப்படித்தான் தம்பி சொல்லிட்டுத் திரிஞ்சேன். அது தப்பு" என்றேன். தாம்பாளத்தை நாற்காலியில் வைத்தேன். தாம்பாளம் சாய்ந்ததில் மோதிரம் உருண்டு டைல்ஸில் ஓடியது. நல்ல டைல்ஸ். வெகுதூரம் ஓடியது.

ஆகஸ்ட் 16, சனி

ஆப்பில் பின்னால் போய்ப் பார்க்க முப்பிடாதி கற்றுக்கொடுத்தாள். அவள் எழுதிய முதல் கதை. படித்தவர் மொத்தம் ஒருவர். கடைசிப் பந்தி. பதினாறாம் அத்தியாயத்துக்குக் கீழே கோமதி எழுதியிருக்கிறாள்: 'கதை நல்லாப் போகுது. ஆனா கதாநாயகன் கவிதை எல்லாம் சொல்கிறான், அந்தப் பிள்ளையை ஒரு தடவை கூடச் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லையே.'

படித்துவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். அப்புறம் எடுத்து மறுபடி படித்தேன். கோமதியும் என்னிடம் ஆசையாக ஒரு வார்த்தை பேசினதில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மண்டபத்திலிருந்து வந்ததும் வாசலிலேயே சாப்பிட்டாச்சா என்றுதான் தினமும் கேட்பாள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ஐம்பத்திரண்டாவது அத்தியாயத்தில் ஆராதனா மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டாள். வாசகிகள் கொதித்துப்போனார்கள். சேர்த்து வைங்க, இல்லையென்றால் படிக்க மாட்டோம் என்கிறார்கள். பதினோராயிரம் ஆறாயிரமாகிவிட்டது. ஒருத்தி மட்டும், 'எனக்கும் கை வலிக்கும்' என்று ஒரே வரி எழுதியிருக்கிறாள். முப்பிடாதி அதைப் பல தடவை காட்டினாள்.

ஊரிலும் கொதிக்கிறார்கள். கடைத்தெருவில் இரண்டு பேர் என்னை நிறுத்தி, சின்னப் பிள்ளை பேச்சைக் கேட்டுக் கெடுத்துவிட்டீர் என்றார்கள். சர்க்கரை கூடியிருக்கிறதா என்றும் விசாரித்தார்கள்.

முப்பிடாதி மறுபடி கம்ப்யூட்டர் சென்டருக்குப் போகிறாள். காலையில் கண் விழித்ததும் கை தானாக, திருப்பிக் கொடுத்துவிட்ட போனைத் தேடுகிறதாம், அவரிடமிருந்து குட்மார்னிங் வந்திருக்கிறதா என்று. "வேண்டாம்னு தெரியுது. ஆனா தேடுது" என்றாள். எனக்கு அது புரியும். இரண்டு வருஷமாகப் பந்தியில் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன் நான்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஆவணி 13. அந்தத் தேதியை வேறு ஒரு வீட்டார் எடுத்துக்கொண்டார்கள். புளியங்குடிப் பெண், தென்காசி மாப்பிள்ளை. காலை ஆறு மணிக்கு நான்தான் மேடையைத் துடைத்தேன். துடைக்கிற சாக்கில் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

முப்பிடாதி வீட்டை விட்டு வெளியே வரவில்லை. மேளம் கேட்டிருக்கும். படப்பிடிப்பு ஆரம்பித்தது. வீடியோத் தம்பி மாப்பிள்ளையைக் கையைப் பிடித்து இழுக்கச் சொன்னான். நான் மைக் சரிபார்க்கிற மாதிரி இடையில் போய் நின்றுகொண்டு, பெண் காலையிலிருந்து சாப்பிடவில்லை, முதலில் இலையில் உட்கார வையுங்கள் என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை அவளிடம் திரும்பி, "இன்னும் சாப்பிடலையா நீ?" என்று கேட்டான். அந்தப் பெண் சிரித்தாள். படம் பிடிக்க வீடியோத் தம்பிக்குத் தோன்றவில்லை.

கடைசிப் பந்தி. மூலையில், கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்து நாற்காலி. கை தானாகப் போய் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டது. பரிமாறுகிறவர், "மேனேஜர், இன்னைக்கும் வேஸ்டா?" என்றார். ஒரு பெரியவர் உட்கார வந்தார். எலைக்கு ஆள் வருது என்றேன். இன்னொருவர் வந்தார். அவரிடமும் சொன்னேன். சோறு வந்துவிட்டது. யாரும் வரவில்லை. கையை எடுத்துவிடலாம் என்று நினைத்தபோது பின்கட்டு வாசலில் முப்பிடாதி நின்றாள். சாதாரண நூல் புடவை. கையில் வளையல் இல்லை.

வந்தாள். உட்கார்ந்தாள். இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தாள். பருப்பு நானே போட்டேன். பழைய பழக்கம். பக்கத்து நாற்காலி காலி. யாரோ ஒரு அம்மாள் அதை இழுத்தார். முப்பிடாதி அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"இல்ல ஆச்சி. இந்த எலைக்கு ஆள் இருக்கு" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "இன்னும் சாப்பிடலைல்லா நீங்க?"

மண்டபத்தில் சேர்ந்து இத்தனை வருஷத்தில் நான் பந்தியில் உட்கார்ந்தது இன்றுதான். மேனேஜர் உட்கார்ந்தால் யார் பார்ப்பது? யாரோ பார்த்தார்கள்.

மதியம்: சோறு, பருப்பு, சாம்பார், அவியல், ரசம். பால்பாயசம் இரண்டு தடவை.

டாக்டர் பார்க்கட்டும். இந்த வரியை அடிக்கமாட்டேன்.